தன்னைத் திருத்திய மதிப்புரை

பணி ஓய்வுக்குப் பிறகு என் வீட்டுக்கு வரும் அஞ்சல்களில் பெரும்பகுதி புத்தகங்கள்தாம். இந்த வாரம் மட்டும் நான்கு வந்திருக்கின்றன. ஒன்று ஆற்றுநீர்ப் பங்கீடு குறித்தது. மற்றொன்று மூளையும் நினைவாற்றலும் பற்றியது. மூன்றாவது ஒரு மருத்துவரின் தன்வரலாறு. நான்காவது விவசாயக் கூலியின் வரலாறு. நான்குக்கும் மதிப்புரை கேட்டிருக்கிறார்கள். பொருளியல் கற்பித்தவனுக்கு நான்காவது நூலைப் பற்றி மட்டுமே பேசத் தகுதி உண்டு என்று சிலர் கருதக்கூடும். எனக்கோ அந்த நான்காவதைத் தொடுவதற்குத்தான் தயக்கமாக இருக்கிறது. நான் முனைவர் பட்டத்துக்காக எழுதி, பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சொல்லிவந்த ஒரு கருத்தை அந்த நூல் மறுக்கிறது.

ஊர்ப்புறத்தில் உழைக்கும் கைகளின் எண்ணிக்கையும் பயிரிடப்படும் பரப்பும்தான் கூலியைத் தீர்மானிக்கின்றன. சங்கம் கட்டிக் கேட்பதால் நிலைத்த உயர்வு எதுவும் வராது என்பது என் ஆய்வேட்டின் சாரம். கீழத்தஞ்சையில் நடந்த கூலிப் போராட்டங்களையும், அவற்றைத் தொடர்ந்து 1969இல் வந்த நியாயக் கூலிச் சட்டத்தையும் அதில் ஓர் அடிக்குறிப்புக்குள் அடக்கிவிட்டேன். தேர்வாளர்களும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இத்தகைய தயக்கம் வரும்போது நான் நினைத்துக்கொள்ளும் ஒரு மனிதர் உண்டு. அவர் ஜான் ஸ்டூவர்ட் மில். அரசியல் மாணவர்கள் அவரைச் சுதந்திரத்தைப் பற்றி எழுதியவராக அறிவார்கள். பொருளியல் மாணவர்கள் ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ வரிசையின் கடைசிப் பெரும்பெயராக அறிவார்கள். நான் அவரைப் புத்தக மதிப்புரையாளராகவே பார்க்கிறேன். தர்க்கம், வரலாறு, அரசியல், மெய்யியல், நிலவுடைமை, உளவியல் எனப் பல துறைகளிலும் புதிதாக வெளிவந்த நூல்களைப் பற்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் எழுதினார்.

1806ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் லண்டனின் பென்டன்வில் பகுதியில் பிறந்த மில் பள்ளிக்கூடம் போனதில்லை. தந்தை ஜேம்ஸ் மில்லே ஆசிரியர். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன், பதின்மூன்று வயதில் ரிக்கார்டோவின் பொருளியல் என்று அந்தக் கல்வி போயிற்று. தினமும் காலையில் தந்தையும் மகனும் உலவப் போவார்கள். முந்தைய நாள் படித்த வரலாற்று நூலின் சாரத்தைச் சிறுவன் துண்டுத் தாள்களில் குறித்து வைத்திருப்பான். நடந்துகொண்டே அதைத் தந்தைக்குச் சொல்லவேண்டும். ஹியூம், கிப்பன், ராபர்ட்சன் ஆகியோரின் பெரிய வரலாறுகளை அவன் இப்படித்தான் கடந்தான். அவனுடைய முதல் மதிப்புரைகள் அந்த நடைகளில் வாய்மொழியாக நிகழ்ந்தவை என்றே சொல்லலாம்.

தந்தை அப்போது எழுதிக்கொண்டிருந்தது இந்தியாவின் வரலாறு. இந்தியாவுக்கு வராமலும் இந்திய மொழி எதையும் கற்காமலும் எழுதப்பட்ட வரலாறு அது. அச்சுப் படிகளைத் தந்தை திருத்தியபோது, கையெழுத்துப் படியை உரக்க வாசித்தவன் பதினொரு வயது மகன். அந்த நூல் தந்தைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் வாங்கித் தந்தது. 1823இல், பதினேழாவது வயதில், மகனும் அதே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். லண்டனில் லீடன்ஹால் தெருவிலிருந்த அக்கட்டடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள், இந்தியாவுக்கு அனுப்பவேண்டிய ஆணைக் கடிதங்களை வரைவதே அவருடைய பிழைப்பு. படிப்பும் எழுத்தும் அந்த வேலை விட்டுவைத்த நேரத்தில் நடந்தவை.

1824இல் பெந்தாமின் ஆதரவாளர்கள் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார்கள். அந்நாளில் இங்கிலாந்தில் மதிப்புரை இதழ்களுக்கு இருந்த செல்வாக்கை இன்று கற்பனை செய்வது கடினம். ஒரு புதிய நூலைச் சாக்காக வைத்து ஐம்பது பக்கம் எழுதுவார்கள். பெரும்பாலும் எழுதியவர் பெயர் இராது. விக் கட்சியினரின் 'எடின்பரோ ரிவ்யூ' அந்த உலகின் அரசனாக இருந்தது. அதன் பழைய இதழ்களையெல்லாம் இளைஞர் மில் படித்துக் குறிப்பெடுத்துத் தர, அந்த இதழைத் தாக்கித் தந்தை முதல் கட்டுரையை எழுதினார். மாத இதழோ காலாண்டிதழோ உடனே விற்றாக வேண்டியிருப்பதால், வாசகரிடம் ஏற்கெனவே உள்ள கருத்தையே அவருக்குத் திருப்பிச் சொல்லும் என்பது அக்கட்டுரையின் குற்றச்சாட்டு. அடுத்த இதழில் தொடர்ச்சியை மகன் எழுதினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. அந்த வயதில் அவர் கட்சிக்காரர். எதிர்த்தரப்பின் நூல் அவருக்கு ஓர் இலக்கு மட்டுமே.

1826இன் இலையுதிர் காலத்தில் அது முறிந்தது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் மகிழ்ச்சி கிட்டுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று உள்ளம் சொன்னது. பல மாதங்கள் நீண்ட மனச்சோர்வு அது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்தெலின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்துக்குத் தானே துணையாவேன் என்று உறுதி கொள்ளும் பகுதியைப் படித்தபோது கண்ணீர் வந்ததாகவும், அன்றிலிருந்து பாரம் குறைந்ததாகவும் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு நூல் தன்னை மாற்ற அனுமதித்த முதல் அனுபவம் இதுவாக இருக்கலாம். இதற்குப் பிறகு அவர் எழுதிய மதிப்புரைகளின் தொனியே வேறு.

1828இல் வேட்லியின் தர்க்க நூலைப் பற்றி எழுதினார். அந்தத் தொடக்கம் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவருடைய சொந்தத் தர்க்க நூலில் முடிந்தது. அதே ஆண்டு வால்டர் ஸ்காட் எழுதிய நெப்போலியன் வரலாற்றை மதிப்பிடுவதற்காகப் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். அந்தப் புரட்சியின் வரலாற்றைத் தாமே எழுதும் எண்ணமும் இருந்தது. பின்னர் அந்தப் பணியில் தாமஸ் கார்லைல் இறங்கியபோது, தாம் சேர்த்திருந்த நூல்களை அவருக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்து நடந்தது இலக்கிய உலகின் பெரும் விபத்துகளில் ஒன்று. 1835இன் தொடக்கத்தில் கார்லைல் தம் முதல் பாகத்தின் கையெழுத்துப் படியை மில்லிடம் படிக்கக் கொடுத்தார். வேறு படி கிடையாது. மில்லின் பொறுப்பில் இருந்தபோது, பணிப்பெண் ஒருத்தி அதைக் குப்பைத் தாள் என்றெண்ணி அடுப்பெரிக்கப் பயன்படுத்திவிட்டாள். மார்ச் மாதத்து ஓர் இரவில் முகம் வெளிறி வந்து நின்ற மில்லை, நூலை இழந்த கார்லைல்தான் ஆறுதல் சொல்லி அனுப்பவேண்டியிருந்தது. மில் 200 பவுண்டு ஈடு தர முன்வந்தார். கார்லைல் 100 மட்டும் பெற்றுக்கொண்டு முழுப் பாகத்தையும் மறுபடி எழுதினார். 1837இல் நூல் வெளிவந்தது. அதன் விநோதமான நடையைக் கண்டு பிற விமரிசகர்கள் கைகொட்டிச் சிரிப்பதற்கு முன்பே, அது மேதையின் படைப்பு என்று நிறுவும் மதிப்புரையைத் தம் இதழில் மில் வெளியிட்டார்.

இதைக் குற்ற உணர்ச்சியின் கைம்மாறு என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. கார்லைலின் அரசியலோ நடையோ மில்லுக்குரியவை அல்ல. தாம் எழுத நினைத்த நூலை இன்னொருவர் முற்றிலும் வேறு வகையில் எழுதி முடித்ததைக் கண்டு, அதன் அருமையை ஊருக்கு முதலில் சொன்னார் என்பதே அங்கே முக்கியம். எத்தனை பேராசிரியர்களால் இது இயலும் என்று என் சக ஆசிரியர்களை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

1835 முதல் 1840 வரை அவர் ஓர் இதழை நடத்தினார். முதலில் 'லண்டன் ரிவ்யூ', பின்னர் 'லண்டன் அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ'. கைப்பணத்தை இழந்தார். ஆனால் அவருடைய மிகச் சிறந்த மதிப்புரைகள் அந்தக் காலத்தவை. அமெரிக்க மக்களாட்சி பற்றிய டோக்வில்லின் நூலின் இரு பகுதிகளையும் 1835இலும் 1840இலும் அவர் ஆராய்ந்தார். பெரும்பான்மையின் ஆதிக்கம் தனிமனிதனை நசுக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை டோக்வில்லிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1859இல் வந்த அவருடைய சுதந்திர நூலில் அது மையக் கருத்தாயிற்று. அதே சமயம், டோக்வில் சமத்துவத்தின் விளைவு என்று சொன்ன பலவும் வணிக நாகரிகத்தின் விளைவுகளே என்று சுட்டிக்காட்டினார். சமத்துவம் இல்லாத இங்கிலாந்தில் அந்த அடையாளங்கள் இருந்தன. சமத்துவம் நிலவிய பிரெஞ்சுக் கனடாவில் அவை இல்லை. காரணத்தையும் உடனிகழ்வையும் பிரித்தறியும் முறையை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. டோக்வில் இந்த மறுப்புக்காகச் சினம் கொள்ளவில்லை. தம் நூலோடு அந்த மதிப்புரையையும் சேர்த்துக் கட்டிவைக்கப்போவதாக மில்லுக்குக் கடிதம் எழுதினார்.

1838இல், தம்மை வளர்த்தெடுத்த பெந்தாமின் தொகுப்பு நூல்களைப் பற்றி எழுதினார். பெந்தாம் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள். பெந்தாமின் முறையின் வலிமையையும், மனித உள்ளத்தைப் பற்றிய அவர் அறிவின் வறுமையையும் ஒரே கட்டுரையில் வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எதிர்முகாமைச் சேர்ந்த கோல்ரிட்ஜுக்கும் அதே அளவு கவனம் கொடுத்தார். பழைய தோழர்களுக்கு இது துரோகமாகத் தோன்றியது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1848இல் வெளிவந்த மில்லின் 'அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள்' அரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில உலகின் பாடநூலாக விளங்கியது. அதில் கூலி நிதிக் கோட்பாடு இடம்பெற்றிருந்தது. எந்த ஒரு நேரத்திலும் நாட்டின் மூலதனத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி கூலிக்கென ஒதுங்கி நிற்கிறது. அதை உழைப்பாளர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே சராசரிக் கூலி. ஆகவே ஒரு சங்கம் போராடிக் கூடுதல் கூலி பெற்றால், அது வேறோர் உழைப்பாளியின் வாயிலிருந்து பறித்ததாகவே இருக்கும். கேட்பதற்குக் கணக்குப் போல எளிமையானது. முதலாளிகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் அந்த எளிமை மிகவும் பிடித்திருந்தது. 1867இல் பிரிட்டிஷ் அரசு தொழிற்சங்கங்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தபோது, சங்கங்களின் எதிரிகள் கையில் இருந்த அறிவியல் ஆயுதம் இதுதான்.

1869இல் வில்லியம் தாமஸ் தார்ன்டன் உழைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பல்கலைக்கழக அறிஞர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் மில்லோடு பணிபுரிந்த நண்பர். தேவையும் அளிப்பும் ஒரே ஒரு விலையைத்தான் தரும் என்ற நம்பிக்கையை அவர் மீன் ஏலத்தைக் கொண்டு அசைத்தார். ஏலத்தில் விலை கீழிருந்து மேலே ஏறுவது ஒரு வகை. மேலிருந்து கீழே இறங்குவது டச்சு வகை. அதே மீன், அதே வாங்குவோர். ஆனால் ஏல முறை மாறினால் விலை மாறக்கூடும். அப்படியானால் உழைப்பின் விலையை யார் முதலில் சொல்கிறார், யார் காத்திருக்க முடிகிறது என்பதும் கணக்கில் வரவேண்டும். கூலிக்கென்று முன்கூட்டியே அளந்து வைத்த நிதி எதுவும் இல்லை என்பது அவர் முடிவு.

மில்லுக்கு அப்போது வயது அறுபத்துமூன்று நெருங்கியிருந்தது. புகழின் உச்சியில் இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக மூன்றாண்டுகள் இருந்து, 1867இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் திருத்தத்தைக் கொண்டுவந்து 73க்கு 196 என்ற கணக்கில் தோற்று, அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொகுதியையும் இழந்திருந்தார். நண்பரின் நூலுக்கு நயமாக நான்கு வரி எழுதி ஒதுக்கியிருக்கலாம். அவரோ 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ' இதழின் 1869 மே, ஜூன் எண்களில் இரண்டு பகுதிகளாக நீண்ட மதிப்புரை எழுதினார். கட்டுரையாளர் பெயரை வெளியிடுவது அந்த இதழின் வழக்கம். ஆகவே மறைந்து நிற்கவும் இடமில்லை.

ஏல வாதத்தை அவர் முழுவதும் ஏற்கவில்லை. இரு விலைகளிலும் தேவையும் அளிப்பும் சமமாக இருக்கக்கூடும். அதனால் விதி பொய்யாகவில்லை, முழுமையற்றதாகிறது என்று விளக்கினார். ஆனால் கூலி நிதி என்ற கருத்தை அவர் கைவிட்டார். முதலாளியின் கையில் இருப்பது ஒரே பணம். அதில் எவ்வளவு கூலிக்குப் போகும், எவ்வளவு அவர் குடும்பச் செலவுக்குப் போகும் என்பதற்கு இயற்கை இட்ட எல்லைக்கோடு எதுவும் இல்லை. கூலி கூடினால் அவருடைய சொந்த நுகர்வு குறையும். உயர்வுக்கு வரம்பு, அவர் தொழிலைக் கைவிடும் நிலைக்குத் தள்ளப்படும் புள்ளியே. எனவே சங்கங்கள் கூலியை உயர்த்த முயல்வது இயற்கை விதிக்கு எதிரான மூடத்தனம் என்று இனிச் சொல்ல முடியாது. தாமும் பிறரும் இதுவரை கற்பித்த கோட்பாடு அறிவியல் அடிப்படை இல்லாதது என்று வெளிப்படையாக எழுதினார். சங்கத்தில் சேராத உழைப்பாளிகளின் நலனையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கையை மட்டும் விடாமல் சேர்த்தார்.

பொருளியலாளர் பலர் அதிர்ந்தார்கள். கெய்ர்ன்ஸ் போன்ற நெருங்கிய சீடரே 1874இல் அந்தக் கோட்பாட்டை மீட்க முயன்றார். 1871இல் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததற்கு மில்லின் மதிப்புரைதான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் எதிரிகளின் கையில் இருந்த ஆயுதம் அதைச் செய்தவராலேயே மழுங்கடிக்கப்பட்டது என்பது உண்மை.

மில்லைத் தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. 1871இல் தம் பாடநூலின் ஏழாம் பதிப்பை வெளியிட்டபோது, இந்த விவாதம் பொது நூலில் சேர்க்கும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை என்று முன்னுரையில் குறிப்பிட்டுவிட்டுப் பழைய அத்தியாயத்தை அப்படியே விட்டார். மதிப்புரையில் இருந்த துணிவு பாடநூலில் இல்லை. இந்தியா விஷயத்தில் குறை இன்னும் பெரிது. சுதந்திரத்தை உலகுக்கு விளக்கிய அதே நூலில், முதிராத சமூகங்களுக்கு நல்ல நோக்கமுள்ள எதேச்சாதிகாரம் ஏற்றதே என்று விதிவிலக்கு வைத்தார். நம்மை அந்த விலக்கில்தான் சேர்த்தார். 1858இல் கம்பெனி ஆட்சி ஒழிக்கப்பட்டபோது அதைக் காக்க மனு எழுதியவரும் அவரே. தந்தையின் நூலுக்கு அவர் எழுதவேண்டிய மதிப்புரையைக் கடைசிவரை எழுதவில்லை என்று எனக்குத் தோன்றும். எனினும், 1871இல் இந்தியக் கிராமச் சமுதாயங்கள் பற்றிய ஹென்றி மெய்னின் நூல் வந்தபோது அதை விரிவாக எழுதி வரவேற்றார். நிலம் என்பது ஒருவருக்கே உரிய முழுச் சொத்து என்ற ஆங்கிலேய எண்ணம் எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்துவதன்று என்பதற்கு அந்த நூலில் சான்று கண்டார்.

1858இல் அவர் மனைவி ஹாரியட் பிரான்சின் அவின்யோன் நகரில் இறந்தார். பாடநூலில் உழைக்கும் மக்களின் எதிர்காலம் பற்றிய அத்தியாயம் அவரால் உருவானது என்று மில் சொல்வார். அவர் கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீடு வாங்கி, ஆண்டின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். 1873 சனவரியில், அரிஸ்டாட்டில் பற்றிய குரோட்டின் நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரை வெளிவந்தது. மே 7 அன்று அவின்யோனில் காலமானார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் ஆய்வாளரின் நூல் என்னிடம் மதிப்புரைக்கு வந்தது. அதுவும் என் ஆய்வேட்டின் கருத்தைக் கேள்வி கேட்டது. நான் அதன் அச்சுப் பிழைகளையும் பொருளடைவு இல்லாத குறையையும் எடுத்துச் சொல்லி, மையக் கேள்வியைத் தொடாமல் முடித்தேன். எழுதியவர் எனக்கு ஒரு மறுமொழியும் அனுப்பவில்லை. மில் தார்ன்டனுக்கு எழுதியதை அதற்கு முன்பே பத்துத் தடவையாவது வகுப்பில் பாடமாக நடத்தியிருந்தேன் என்பதுதான் இதில் வெட்கப்படவேண்டிய பகுதி. கூலி நிதியை மில் பின்னர் கைவிட்டார் என்று தேர்வுக்காக ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுத ஒருவருக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

நான்காவது புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அதன் எல்லா வாதங்களும் எனக்கு உடன்பாடல்ல. இரண்டு இடங்களில் மறுப்பு உண்டு, அவற்றை எழுதுவேன். ஆனால் என் ஆய்வேடு அடிக்குறிப்பில் தள்ளியது உண்மையில் கதையின் நடுப்பகுதி என்பதை நூல் எனக்குக் காட்டிவிட்டது. மதிப்புரையின் முதல் பத்தியில் அதைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஆய்வேட்டின் தலைப்பையும் பக்க எண்ணையும் அதிலேயே குறிப்பிடுவேன். படிப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.